எங்கே கடிக்கிறது? மும்பையின் எல்லாப் பருவத்துக்கும் ஒரு ஜோடி ஷூ

ஷூ கடிக்கிறது என்று யாராவது சொன்னால், எந்தக் கடையில் வாங்கினாய் என்றுதான் உடனே கேட்கிறோம். எங்கே கடிக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. குதிகாலின் பின்புறம் உரிந்தால் ஒரு காரணம், சுண்டுவிரல் சிவந்தால் வேறொரு காரணம், முன்பாதம் எரிந்தால் இன்னொன்று. காரணம் தெரியாமல் அடுத்த முறை ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, அதுவும் சரிப்படாமல், செருப்பு அலமாரியில் ஆறு ஜோடியை அடுக்கி வைத்துவிட்டு ரப்பர் செருப்போடு வேலைக்குப் போகிற பெண்களை நான் தினமும் ரயிலில் பார்க்கிறேன்.

செம்பூரில் குடியிருக்கிறேன். ஹார்பர் லைன் மின்ரயிலில் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் வரை போய், அங்கிருந்து ஃபோர்ட்டில் உள்ள அலுவலகத்துக்கு நடை. அப்பா தாராவியில் தோல் பை தைத்தவர். தோலின் விளிம்பைப் பிரித்துப் பார்க்கவும் தையலைப் புரட்டிப் பார்க்கவும் அவரிடம் கற்றேன். மற்றதெல்லாம் இருபது ஆண்டுகளாக என் இரண்டு கால்களும் சொல்லிக் கொடுத்தவை.

அலுவலகம், மாட்டுங்காவில் ஒரு கல்யாணம், சண்முகானந்தா அரங்கில் மாலைக் கச்சேரி, ஜூலை மழை, மே மாத வியர்வை, ஜனவரியில் டெல்லிப் பயணம். இத்தனைக்கும் ஒரே ஜோடி கிடைக்குமா? கிடைக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாதத்தின் குறுக்கே ஒரு வார், சுமார் 3 செ.மீ. உயரத்தில் அகலமான கட்டை ஹீல், மழுங்கிய முனை, அசல் தோல் மேற்பகுதி, ரப்பர் சோல், பழுப்பு நிறம். பள்ளிக்கூடத்தில் போட்ட கறுப்பு வார் ஷூவின் வளர்ந்த வடிவம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் மேரி ஜேன் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். கீழே உள்ள தொல்லைகளில் உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தயவுசெய்து எல்லோரும் படியுங்கள். மற்றவை எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

குதிகாலின் பின்புறம் உரிகிறது

ஷூவைப் போட்டுக்கொண்டு பத்தடி நடங்கள். யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். அடியெடுத்து வைக்கும்போது குதிகால் ஷூவை விட்டு மேலே கிளம்புகிறதா? கிளம்பினால் ஷூ தளர்வு. கிளம்பாமலே உரிகிறது என்றால் விளிம்பு கடினம். இரண்டுக்கும் மருந்து வேறு.

விளிம்பு கடினமாக இருந்தால் எவர்சில்வர் கரண்டியின் முதுகால் உள்விளிம்பை நன்றாக அழுத்தித் தேய்த்து மடக்குங்கள். தடித்த காலுறையோடு வீட்டுக்குள் தினம் அரை மணி நேரம் என்று ஒரு வாரம் நடங்கள். அதன் பிறகே வெளியே. நம் அம்மாக்கள் செருப்புக் கடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்கள். அவர்கள் காலத்துத் தோலுக்கு அது சரியான வைத்தியம். மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் எண்ணெயைக் குடித்து இளகும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூர் செருப்புக்கு இன்றும் அது பொருந்தும். ஆனால் இப்போது வரும் மூடிய ஷூக்களில் பெரும்பாலானவை குரோம் உப்பில் பதனிட்டு மேற்பூச்சுப் பூசிய தோல். எண்ணெய் அதன் மேலேயே நின்று கறையாகும், ஓரத்தில் இறங்கினால் பசையைக் கெடுக்கும். ரெக்சினோ எதையும் குடிக்காது.

தளர்வாக இருந்தால் பலரும் குதிகாலில் ஒட்டும் பஞ்சுப் பட்டையை வாங்குகிறார்கள். விரல்களுக்கு முன்னால் இடம் இருந்தால் மட்டுமே அது உதவும். ஏற்கெனவே முன்பக்கம் நெருக்கமாக இருக்கும் ஷூவில் அதை ஒட்டினால் பாதம் இன்னும் முன்னால் தள்ளப்படும். குதிகால் தப்பும், விரல் மாட்டிக்கொள்ளும்.

அடிப்படைக் கோளாறு ஷூவின் அமைப்பில் இருக்கிறது. வார் இல்லாத திறந்த ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீல் வைத்த பம்ப் ஆகட்டும், தட்டையான பாலே ஃப்ளாட் ஆகட்டும், காலைப் பிடித்துக்கொள்ள அதற்கு இரண்டே இடங்கள்தான் இருக்கின்றன: முன்னால் விரல்கள், பின்னால் குதிகால். இந்த இரண்டையும் இறுக்கினால்தான் அது காலில் நிற்கும். இறுக்காவிட்டால் கழன்று போகும். சரியான அளவு வாங்கினாலும் கடிக்கிறது, பெரிதாக வாங்கினாலும் கடிக்கிறது என்று பெண்கள் புலம்புவதற்கு இதுதான் காரணம். அது அவர்கள் காலின் குறை அல்ல. பாதத்தின் மேல்முதுகைப் பிடிக்கும் மூன்றாவது இடம் ஒன்று வேண்டும். வார் அந்த வேலையைச் செய்கிறது. மேலே பிடி கிடைத்துவிட்டால் விரலையும் குதிகாலையும் நெரிக்கத் தேவையில்லை.

எனக்கு இது புரிந்த இடம் குர்லா நிலையம். பெட்டியிலிருந்து கூட்டம் என்னை வெளியே தள்ளியது. நான் நடைமேடையில் நின்றேன். என் வலது ஷூ பெட்டிக்குள் நின்றது. ரயில் கிளம்பிவிட்டது. அன்று போட்டிருந்தது மிக நல்ல தோலில் செய்த பம்ப். அதற்குப் பிறகு பிடி இல்லாத ஷூவை நான் வெளியே போட்டுப் போனதில்லை.

கட்டாமல் காலை நுழைத்துப் போடும் லோஃபரும் இதே கணக்கில் தேறும். அதன் நாக்கும் குறுக்குப் பட்டையும் மேல்பாதத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. 1936-இல் அமெரிக்காவில் பாஸ் நிறுவனம் வீஜன்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பேன்ட் அணிந்து மட்டும் வேலைக்குப் போகிறவர் என்றால் நானே லோஃபரைத்தான் சொல்வேன். காஞ்சிப் பட்டோடு அது கனமாகத் தெரியும் என்பதால்தான் என் பட்டியலில் அதற்கு இரண்டாவது இடம்.

சுண்டுவிரல் சிவக்கிறது, மெட்டி அழுத்துகிறது

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் நீளத்தை மட்டுமே சொல்கிறது. பிரிட்டிஷ் அளவில் ஒரு எண் கூடினால் சுமார் 8.5 மி.மீ. நீளம் கூடும். ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கு 6.7 மி.மீ. அகலத்தைப் பற்றி அந்த எண் வாய் திறப்பதில்லை. ஷூ எந்த அச்சின் மேல் இழுத்துக் கட்டித் தைக்கப்பட்டதோ, அந்த அச்சின் வடிவம்தான் அகலத்தைத் தீர்மானிக்கிறது. தொழிலில் அதை லாஸ்ட் என்பார்கள். நம் ஊர்க் கடைகளில் வெகுகாலமாகக் கிடைப்பவை பிரிட்டிஷ், ஐரோப்பிய அளவுகளைப் பின்பற்றியவை. நம் பாதங்கள் பொதுவாக முன்பக்கம் அகலமானவை. சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் பாதங்களை அளந்து, இந்தியக் கால்களுக்கென்று 'பா' என்ற புதிய அளவு முறையை உருவாக்கியது அதனால்தான். பெண்களின் பாத வளர்ச்சி சுமார் 11 வயதில் உச்சத்தைத் தொடுகிறது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்த செய்தி.

ஆகவே சுண்டுவிரல் நசுங்கினால் நீளத்தைக் கூட்டாதீர்கள். அதே எண்ணில் வேறு வடிவத்தைத் தேடுங்கள். கூர்முனை வேண்டாம். பெருவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை இயல்பாகச் சரியும் மழுங்கிய முனையே போதும். அதுவும் மெலிந்து அழகாகத்தான் தெரியும்.

மெட்டியைப் பற்றி எந்த ஷூ நிறுவனமும் யோசிப்பதில்லை. நாம் யோசித்தாக வேண்டும். நமக்கு இரண்டாவது விரலில் வெள்ளி வளையம் எப்போதும் இருக்கிறது. முன்பக்கம் குறுகினால் அந்த வளையத்தின் விளிம்பு பக்கத்து விரல்களில் பதியும். மேல்பக்கம் தாழ்ந்திருந்தால் மெட்டியின் முத்து ஷூவின் உட்கூரையில் உரசும். என் பழைய ஷூ ஒன்றின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது விரல் இருக்கும் இடத்தில் லைனிங் துணி பிறைவடிவில் தேய்ந்து, அதற்கு அப்பால் தோலின் நார் தெரிந்தது. மற்ற இடங்களில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து கடையில் ஷூவைப் போட்டதும் இரண்டாவது விரலை மட்டும் மேலே தூக்கிப் பார்க்கிறேன். தூக்க முடியாத ஷூவை வாங்குவதில்லை. வேலைநாட்களுக்கு முத்தில்லாத தட்டையான மெட்டி நல்லது.

கடைக்குப் போகும்முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், பழைய காலண்டர் அட்டையின் மேல் முழு எடையோடு நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் வரைந்து வெட்டியெடுங்கள். கடையில் பிடித்த ஷூவுக்குள் அந்த அட்டையை நழுவவிடுங்கள். அட்டை தட்டையாகப் படுத்தால் நல்லது. ஓரங்கள் படகுபோல மேலே வளைந்தால் உங்கள் சுண்டுவிரலும் அப்படித்தான் வளையப் போகிறது. முன்னால் மிக நீளமான விரலுக்கு அப்பால் ஒரு செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும். நம்மில் பலருக்கு நீளமான விரல் பெருவிரல் அல்ல, இரண்டாவது விரல். கடைக்காரர் அட்டையைப் பார்த்து வியந்தால் வியக்கட்டும். லிங்கிங் ரோடு கடைவீதியில் ஒரு மாலை முழுவதும் இருபது ஜோடியைப் போட்டுக் கழற்றுவதை இந்த அட்டை மிச்சப்படுத்தும்.

முன்பாதம் எரிகிறது, உள்ளங்கால் நோகிறது

ஹீல் உயர உயர உடலின் எடை குதிகாலிலிருந்து விரல்களின் அடிப்பகுதிக்கு நகர்கிறது. சரிவில் நிற்பதால் பாதம் ஒவ்வொரு அடியிலும் முன்னால் நழுவி முனையில் மோதுகிறது. எரிச்சலுக்கும் காய்ப்புக்கும் காலாணிக்கும் அங்கே தொடக்கம்.

அப்படியானால் முழுத் தட்டை ஷூ நல்லதா என்றால், அதுவும் இல்லை. பாலே ஃப்ளாட் வகையைப் பாருங்கள். 1956-இல் பாரிஸில் ரோஸ் ரெபெட்டோ நடிகை பிரிஜித் பார்தோவுக்குச் செய்து கொடுத்த ஜோடியால் புகழ்பெற்றது அந்த வடிவம். அதன் மூலம் நடனக் காலணி. மேடைப் பலகையைக் கால் உணர வேண்டும் என்பதற்காகவே சோல் மெலிந்திருக்கும். ஃபோர்ட்டின் கல் நடைபாதையை யாரும் அப்படி உணர வேண்டியதில்லை. மூன்று மணி நேரம் அதில் நடந்தால் குதிகால் எலும்பே தரையில் படுவதுபோல வலிக்கும். என் அனுபவத்தில் 2.5 முதல் 4 செ.மீ. வரை உள்ள அகலமான ஹீல்தான் நடக்கவும் நிற்கவும் தாங்குகிறது.

உயரம் சரியாக இருந்தும் உள்ளங்கால் நோகிறதா? ஷூவைக் கையில் எடுத்து இரு முனைகளையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் அது வளைய வேண்டும். நடுவில் வளைந்தால் உள்ளே எலும்பு இல்லை என்று பொருள். ஹீலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே பாலம்போல ஒரு இரும்புப் பட்டையை வைத்துத் தைப்பார்கள். அதற்கு ஷாங்க் என்று பெயர். விலை குறைந்த ஷூக்களில் அந்த இடத்தில் வெறும் அட்டை இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. வெளியே எவ்வளவு பளபளத்தாலும் நடுவில் துவளும் ஷூவை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும், காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் குத்துகிறது என்றால் அது ஷூ கடை விஷயம் அல்ல, எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

மழையில் வழுக்குகிறது

ஜூன் இரண்டாம் வாரத்தில் மும்பையில் மழை தொடங்கும். செப்டம்பர் வரை விடாது. நிலையத்தின் மேம்பாலப் படிகளில் உலோக விளிம்பு, அலுவலக வாசலில் மெருகேற்றிய கிரானைட், இரண்டின் மேலும் சேறு கலந்த மெல்லிய நீர். வழுக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான தரை வேண்டியதில்லை.

ஷூவைக் கவிழ்த்து, சோலின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஊன்றுங்கள். நகம் லேசாகப் பதிந்து மீண்டால் பிடிப்பு இருக்கும். கண்ணாடிபோல நகம் வழுக்கினால் ஈரத்தில் உங்கள் காலும் வழுக்கும். அடுத்து, கோடுகள். அவை சோலின் ஓரம்வரை வந்து திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் மிதிக்கும்போது தண்ணீர் வெளியே பிதுங்கும். நடுவில் பூப்போல வெட்டி நான்கு பக்கமும் மூடிய கோலங்கள் தண்ணீரைச் சிறைபிடிக்கும், அவ்வளவுதான். தோல் சோல் போட்ட ஷூவை இந்த நான்கு மாதமும் வெளியே எடுக்காதீர்கள்.

போன வருடம் வரை பிடித்த ஷூ திடீரென வழுக்கத் தொடங்கினால் ஹீலின் அடியைப் பாருங்கள். தேய்ந்த துண்டை மாற்றும்போது கெட்டிப் பிளாஸ்டிக் வைத்துவிட்டிருப்பார்கள். நீண்ட நாள் வரும், ஆனால் பிடிக்காது. ரப்பர் துண்டுதான் வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள்.

வெள்ள நீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியதை இந்த ஊரில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அவ்வளவு பெய்யாவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் சில நாட்கள் முழங்கால் தண்ணீரில் நடக்க நேர்கிறது. அந்தத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவும் லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் புகும். குதிகாலில் உரிந்த கொப்புளம் அதற்குத் திறந்துவைத்த கதவு. ஆகவே மே மாத இறுதியிலேயே புது ஷூவைப் பழக்கி முடித்துவிடுங்கள். ஜூலையில் புது ஷூ வேண்டாம். புண்ணோடு தேங்கிய நீரில் நடக்க நேர்ந்தால் வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கொப்புளத்தைக் கிள்ளவும் கூடாது, சும்மா விடவும் கூடாது. அவர்களுக்குச் சில நேரம் வலியே தெரியாது. தினமும் ஷூவுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே காலை நுழைக்க வேண்டும்.

தண்ணீர் தேங்கும் நாளில் ஷூவைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரப்பர் செருப்போடு போய், அலுவலகத்தில் மாற்றிக்கொள்வதுதான் முறை. எல்லாப் பருவத்துக்குமான ஷூ என்றால் வெள்ளத்தில் நீந்தும் ஷூ என்று பொருள் அல்ல.

சோல் வாய் பிளக்கிறது அல்லது பொடியாக உதிர்கிறது

இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒன்று பிழைக்கும், மற்றது பிழைக்காது.

பிளந்த இடத்தில் விரலை வைத்துத் தடவுங்கள். வழவழப்பாக, காய்ந்த பசையின் மஞ்சள் படலத்தோடு இருந்தால் பசை மட்டும் விட்டிருக்கிறது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் பழைய பசையைச் சுரண்டி, புதிதாக சொல்யூஷன் தடவி, காயவிட்டு ஒட்டிக் கொடுப்பார். கூடவே ஓரத்தில் ஒரு சுற்றுத் தையலும் போடச் சொல்லுங்கள். அவசரத்துக்கு வீட்டில் இருக்கும் உடனடிப் பசையைப் பிழிந்துவிடாதீர்கள். அது கண்ணாடிபோல இறுகி, வளையும் இடத்தில் உடைந்துபோகும். பிறகு அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது.

தடவும்போது விரலில் மாவு ஒட்டினால், விண்டால் நமுத்த ரஸ்க்போல உதிர்ந்தால், அது பாலியூரித்தேன் சோல். காற்றில் உள்ள ஈரம் அந்தப் பொருளின் பிணைப்புகளையே மெல்ல மெல்ல உடைத்துவிடுகிறது. போட்டு நடந்தாலும் நடக்கும், போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் நடக்கும். கல்யாணத்துக்கு வாங்கிப் பத்திரமாக வைத்த ஷூ நான்கு வருடம் கழித்து எடுத்த அன்றே மண்டபத்தில் உதிர்ந்து விழுவது இதனால்தான். கடலோர ஊரில் இது இன்னும் சீக்கிரம் வரும். அதற்குப் பழுதுபார்க்கும் செலவு வீண். இந்த ஊரில் வாங்கும்போதே ரப்பர் சோலா என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதைப் போட்டு நடங்கள், பூட்டி வைக்காதீர்கள்.

மேற்பகுதி செதில்செதிலாக உரிவதும் பெரும்பாலும் இதே கதை. தோல் என்று நம்பி வாங்கியது துணிமேல் பூசிய ரெக்சினாக இருக்கும். சில ஷூக்களின் உள்ளே அல்லது சோலின் அடியில் சிறு படங்கள் இருக்கும்: விரித்த மிருகத்தோலின் வடிவம் என்றால் தோல், வெறும் சாய்சதுரம் என்றால் செயற்கைப் பொருள், வலைப் பின்னல் என்றால் துணி. மேற்பகுதி, லைனிங், சோல் மூன்றுக்கும் தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். மேலே மட்டும் தோல் படம் போட்டு, லைனிங்குக்குச் சாய்சதுரம் போட்டிருந்தால் மே மாதத்தில் கால் வெந்துபோகும். படம் இல்லாத ஷூவில் வெட்டு விளிம்பு தெரியும் இடத்தைத் தேடிப் பாருங்கள். நார்நாராகத் தெரிந்தால் தோல். மேலே மெழுகுபோன்ற படலமும் அடியில் நெய்த துணியும் தெரிந்தால் தோல் இல்லை. அப்பா வாசனையை மட்டும் நம்பாதே என்பார். வாசனையைப் பூசிவிடலாம்.

பூஞ்சையும் நாற்றமும்

ஒரே ஜோடியை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், அதைத் தினமும் போடச் சொல்லவில்லை. நனைந்த தோல் உள்ளே காய இரண்டு நாள் ஆகும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரவில் ஒரு முறை தாளை மாற்றி, மின்விசிறிக்கு எதிரே சாய்த்து வையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும், ஹேர் டிரையரைக் காட்டினால் பசை விடும். பூஞ்சை பூத்திருந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்துப் பிழிந்து துடைத்து, நிழலில் உலர்த்தி, பிறகு பாலிஷ். பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம். பழைய தலையணை உறை போதும்.

எந்த உடையோடும் சேரவில்லை

கறுப்பு எதற்கும் சேரும் என்ற நம்பிக்கை நமக்கு ஆழமாக இருக்கிறது. பேன்ட்டுக்கும் பள்ளிச் சீருடைக்கும் அது உண்மை. வெளிர் நிறப் புடவையின் அடியில் கறுப்பு ஷூ தரையில் ஒட்டிய கட்டைபோலத் தனித்துத் தெரியும். நம் தோலின் நிறத்துக்குப் பக்கத்தில் உள்ள பழுப்பு நிறங்கள் அப்படித் துருத்துவதில்லை. கால் எங்கே முடிகிறது, ஷூ எங்கே தொடங்குகிறது என்று கண் தடுக்காமல் போகும். 1957-இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஷனேல் கொண்டுவந்த இரு நிற ஷூவின் சூட்சுமம் இதுதான். உடல் முழுவதும் பழுப்பு, முனை மட்டும் கறுப்பு. பழுப்பு காலை நீளமாகக் காட்டியது, கறுப்பு முனை பாதத்தைச் சிறிதாகக் காட்டியதோடு அழுக்கையும் மறைத்தது. அது அவர்கள் ஊர்ப் பழுப்பு. நமக்கு வறுத்த காப்பிக்கொட்டை, கருப்பட்டி, தேன் என்று எத்தனையோ பழுப்புகள் இருக்கின்றன. உங்கள் புறங்கையை ஷூவின் மேல் வைத்துப் பார்த்து, அதைவிட ஒரு படி அடர்ந்ததை எடுங்கள்.

புடவையில் ஷூவின் முனை மட்டுமே தெரியும், சுடிதாரில் முழு ஷூவும் தெரியும். எனவே முனை எளிமையாக இருக்கட்டும். வில் முடிச்சு, உலோகப் பட்டை, கல் பதித்த பூ எதுவும் வேண்டாம். வார் மெல்லியதாக, கணுக்காலில் அல்லாமல் மேல்பாதத்தின் நடுவில் வர வேண்டும். கணுக்காலைச் சுற்றும் வார் காலைக் குட்டையாகக் காட்டும், கொலுசும் அதில் மாட்டிக்கொள்ளும். ஜனவரியில் டெல்லி போகும்போது இதே ஷூவுக்குள் கம்பளிக் காலுறை போட்டு வாரை ஒரு துளை தளர்த்திக்கொள்கிறேன். மூடிய முனை என்பதால் குளிர் ஏறுவதில்லை.

புடவை தடுக்குகிறது, கோயிலில் தரையைக் கூட்டுகிறது

ஷூவைப் போட்டுக்கொண்டுதான் புடவையின் நீளத்தை வைக்கிறோம். ஏழு செ.மீ. ஹீலுக்கு வைத்த புடவை, ஹீலைக் கழற்றியதும் ஏழு செ.மீ. தரையில் கிடக்கும். மற்ற ஊர்ப் பெண்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. நமக்கு விஷயம்தான். கல்யாண மேடையிலும் கழற்றுகிறோம், கோயிலிலும் கழற்றுகிறோம், உறவினர் வீட்டு வாசலிலும் கழற்றுகிறோம். செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்கு 108 படிகள். மழைநாளில் ஈரமான அந்தப் படிகளில் ஒரு கையில் பூக்கூடை, மறு கையில் புடவைக் கொசுவம் என்று ஏறியிருக்கிறேன். ஃபால்ஸ் முழுவதும் சேறு. ஹீல் 3 செ.மீ. என்றால் கழற்றினாலும் புடவை தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். நான் இந்த அளவைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு நடையைவிட இதுதான் பெரிய காரணம்.

குச்சி ஹீல் புடவையின் உள்ளோரத்தில் மாட்டும், ரயில் பெட்டியின் இடுக்கிலும் மாட்டும். அகலமான கட்டை ஹீல் மாட்டாது. அதன் பின்விளிம்பு கூராக இருந்தால் செருப்புத் தைப்பவரிடம் அரம் போட்டு உருட்டித் தரச் சொல்லுங்கள்.

அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதால் கொக்கியின் அடியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த வாராகப் பாருங்கள். கொக்கியை அவிழ்க்காமலே காலை உருவிக்கொள்ளலாம், மாலையில் கால் வீங்கினாலும் அது இளகிக் கொடுக்கும்.

ஒரு காலில் மட்டும் நோகிறது

இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இருப்பது அரிது. பெரிய காலுக்கு வாங்க வேண்டும். சிறிய காலுக்கு முன்பாதம் மட்டும் படும் அரை இன்சோல் ஒன்றை உள்ளே வைத்தால் தளர்வு போய்விடும். எனக்கு வலது கால் சிறியது. நிலையத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் போன வாரம் என் புது ஜோடியைக் கொடுத்தேன். என் இரண்டு கால்களையும் தன் மரப்பெட்டியின் மேல் வைக்கச் சொல்லி, வாரை இழுத்துப் பார்த்து, நகத்தால் ஒரு புள்ளி குறித்து, ஒரே தட்டில் துளை போட்டுக் கொடுத்தார். இப்போது இடது காலுக்கு மூன்றாவது துளை, வலது காலுக்கு நான்காவது.